கம்பளைப் பள்ளிவாசல் வழக்கும் 1915ஆம் ஆண்டுக் கலவரமும்

பள்ளிவாசலொன்று எழும்பும்போது தோன்றும் பிணக்கினை இரு மதங்களின் இயல்பான பகைமையாகக் கொள்வது நமது வரலாற்றெழுத்தில் வழக்கமாகியுள்ளது. இந்நோக்கு எத்துணை போதாததென்பதைக் கம்பளை வழக்கு காட்டும்.

கம்பளை அம்பகமுவ வீதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கரையோர முஸ்லிம்கள் எனப்பட்ட தென்னிந்திய வணிகரின் பள்ளிவாசல் அமைந்தது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹராவும் அவ்வீதி வழியே செல்வதாகும். பள்ளிவாசலுக்கு அண்மையில் வாத்தியங்கள் முழங்கலாகாது என்ற நிபந்தனையை 1912இல் அதிகாரிகள் விதித்தனர். பஸ்நாயக்க நிலமே அதனை ஏற்காது நீதிமன்றஞ் சென்றார். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரையே அவரது ஆதாரம். 1914 யூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு சமூகம் தன் உடன்படிக்கை மீறப்பட்டதாகக் குமுறியது. மற்றையது அரசின் காவலை நம்பியிருந்தது. இருவருக்கும் நடுவராக அமர்ந்தது குடியேற்றவாத அரசு.

ஆயினும், வாத்திய ஒலி மட்டுமே நாட்டைக் கொளுத்தியிருக்க முடியாது. அக்காலத்தில் பெருந்தோட்டம், வங்கி, ஏற்றுமதி ஆகியன பெரும்பாலும் பிரித்தானிய மூலதனத்தின் பிடியில் இருந்தன. எஞ்சிய சில்லறை வணிகத்திலேயே கரையோர முஸ்லிம் வணிகரும், வளர்ந்துவந்த சிங்கள வணிகரும் மோதினர். 1914இல் மூண்ட போரினால் விலைகள் ஏறியபோது, கிராமத்து மக்கள் கண்முன் கண்டது கடனுக்கு அரிசி தந்த கடைக்காரனையே, வங்கியையன்று. பொருளாதாரச் சினம் மதத்தின் மொழியிற் பேசியது.

1915 மே 28ஆந் திகதி வெசாக் இரவிலே, கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன் எழுந்த மோதல் சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமுற்றன. யூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஹென்றி பேதிரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார், டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையிடப்பட்டனர்.

இக்கொடுமையை எதிர்த்து வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அவரது துணிவு பாராட்டற்குரியதே. ஆனால், அவர் வாதத்தின் மையம் அரசின் அடக்குமுறையாகவே இருந்தது. கடையையும் வணக்கத்தலத்தையும் இழந்தோர் ஓரத்துக்குச் சென்றனர். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் கட்டுரை வாசித்தவரும் அவரே. தமிழரென உரிமை கோரப்பட்டோர் தாக்குண்டபோது அவ்வுறவு எங்கே சென்றது என்று முஸ்லிம்கள் கேட்டனர். ‘இனம்’ என்ற சொல்லினடியிற் செயற்பட்ட மேட்டுக்குடி நலனை நாம் இன்னும் நேர்மையுடன் ஆராயவில்லை. பின்னாளில் தமிழ், முஸ்லிம் மக்களிடையே விளைந்த அவநம்பிக்கையின் வேர்களுள் ஒன்று இங்குள்ளது.

கம்பளையில் எழுந்த வாதம், பெரஹரா பழையது, பள்ளிவாசல் புதியது என்பதாகும். 2012 ஏப்ரிலில் தம்புள்ளையில், பல தசாப்தங்களாகத் தொழுகை நிகழ்ந்துவந்த பள்ளிவாசலை, அது ‘புனித பூமி’யில் உள்ளதெனக் கூறி அகற்றுமாறு ஒரு கூட்டம் உட்புகுந்தது. அங்கே பள்ளிவாசலின் பழமை அதற்குக் காவலாகவில்லை. எனவே, ‘முந்தியது எது’ என்பது உண்மையான வினாவன்று. அவ்வினாவை எழுப்புவோர் யார், அதனால் ஆதாயம் அடைவோர் யார், சந்தையிலும் அரசிலும் அவர்களது இடம் யாது என்பனவே ஆராயப்பட வேண்டியவை. இவற்றைக் கேளாத வரலாறு, எரிந்த கடைகளின் சாம்பலை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும்.