நாட்காட்டியில் ஏறும் தேதி



கல்யாணப் பத்திரிகையை இப்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறோம். நாலு நாளில் அது மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. தொட்டதும் தேதி போன் நாட்காட்டியில் ஏறுவதற்கான அடித்தளம் 1990களிலேயே போட்டாயிற்று.

அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியின் மென்பொருளும் தேதியைத் தன் போக்கில் எழுதி வைத்தது. ஒன்றில் குறித்ததை மற்றொன்று படிக்காது. 1996-இல் ஆப்பிள், ஐபிஎம், ஏடி அண்டு டி, சீமென்ஸ் நான்கும் சேர்ந்து வி-காலண்டர் என்ற பொது வடிவத்தை வகுத்தன. அதிலிருந்து ஐ-காலண்டர் பிறந்தது. 1998 நவம்பரில் வெளிவந்த அதன் விதிகளை எழுதியவர்கள் லோட்டஸின் ஃபிராங்க் டாசன், மைக்ரோசாஃப்டின் டெரிக் ஸ்டெனர்சன். இரண்டும் போட்டிக் கம்பெனிகள்! 2009-இல் விதிகளைத் திருத்தினார்கள்.

ஐ.சி.எஸ். என்று முடியும் கோப்பு இதுதான். உள்ளே இருப்பது வெறும் எழுத்து: என்ன நிகழ்ச்சி, எங்கே, எப்போது தொடக்கம், எப்போது முடிவு. நேர மண்டலத்தையும் அதில் குறிக்கலாம். சென்னையில் காலை 10 மணி என்று குறித்தால் சிங்கப்பூர் போனில் பகல் 12.30 என்று காட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தாத்தாவின் நினைவு நாளை நேரலையில் தவறவிடாமல் இருக்க இது உதவும்.

இனி அழைப்போடு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். மறதி வயசானவர்களுக்கு மட்டும் வருவதில்லை.