வென்றவர் நாவில் தோற்றவர் மொழி

பேரரசுகளின் போர்களைப் பற்றியும் மொழிகளின் பரவலைப் பற்றியும் உரையாடுவோர் பெரும்பாலும் ஒரு முடிவை முன்னரே கைக்கொண்டு பேசுவதைக் காண்கின்றோம். வாள் எவன் கையில் உளதோ அவன் மொழியே நாட்டில் நிலைக்கும் என்பது அம்முடிவு. உரோமரின் படைகள் சென்ற கோல் நாட்டில் இலத்தீன் மொழி வேரூன்றியதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆயின், அதே உரோமர் கிழக்கே கிரேக்கரை வென்று பல நூற்றாண்டுகள் ஆண்டபின்னும் அங்கே கிரேக்கமே வழங்கியது. 1644 ஆம் ஆண்டிற் பீக்கிங் நகரிற் புகுந்த மஞ்சு அரசர் 1912 வரை சீன நாட்டை ஆண்டனர். அவர்கள் ஆண்ட காலத்திலேயே அவர்தம் இனத்தார் பலர் தாய்மொழியை விட்டுச் சீன மொழி பேசுவோராயினர். எனவே, வாளுக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுமளவு எளிதானதன்று. இதனை ஆராய நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. நம் இலங்கைத் தீவின் கரையோர வரலாற்றிலேயே இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இத்தீவின் கரையை அடைந்தனர். கோட்டை அரசன் தர்மபாலன் 1597 இல் இறந்தபோது அவன் நாடு அவர்கள் வசமாயிற்று. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் அவர்கள் கைப்பற்றினர். பின்னர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638 இல் மட்டக்களப்பும், 1639 இல் திருகோணமலையும், 1640 இற் காலியும் போர்த்துக்கேயர் கையினின்று நழுவின. ஏறத்தாழ ஏழு மாத முற்றுகையின் பின் 1656 ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பு வீழ்ந்தது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழவே, போர்த்துக்கேயர் ஆட்சி இத்தீவில் முற்றாக ஒழிந்தது.

படைவலியாற் பெற்ற வெற்றி இதனினும் முழுமையாக இருத்தல் அரிது. கோட்டைகளும் துறைமுகங்களும் கறுவா வாணிபமும் ஒல்லாந்தக் கம்பனியின் உடைமையாயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் புரட்டஸ்தாந்தரின் வழிபாட்டு இடங்களாயின. எஞ்சியிருந்தது ஒன்றே, அது போர்த்துக்கேய மொழி. அதனையும் ஒழித்துவிட ஒல்லாந்தர் முனைந்தனர். 1659 ஆம் ஆண்டளவிற் கொழும்பிலே ஒரு கட்டளை பிறந்தது. ஒல்லாந்த மொழி பேச அறியாத அடிமைகளின் தலையை மழித்துவிட வேண்டும் என்பது அக்கட்டளை. பத்தாவியா நகரிலும் ஒல்லாந்த மொழி அறிந்த அடிமைகளே தொப்பி அணியலாம் என்றொரு விதி இருந்தது. ஆளுவோரின் மொழியைக் கல்லாத குற்றத்துக்கு, தம் உடலின்மேலும் உரிமையற்ற ஏழைகளின் தலையே விலையாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. மொழிக்கொள்கை என்பது ஏட்டில் எழுதப்படும்பொழுது மென்மையானதாகத் தோன்றினும், அது சென்று தங்குமிடம் மனிதனின் உடலும் மானமுமே.

இத்துணைக் கடுமை காட்டியும் அம்முயற்சி பயன்தரவில்லை. ஏன்?

முதலாவது காரணம், கம்பனியின் அமைப்பு. ஒல்லாந்தக் கொடியின்கீழ் வந்தோர் யாவரும் ஒல்லாந்தர் அல்லர். செருமானியர், பிளெமியர், இசுக்கந்திநேவியர் எனப் பல நாட்டார் அதன் படையிலும் கப்பல்களிலும் பணியாற்றினர். தமக்குள்ளேயே பொதுமொழியை நாடியோர் அவர்கள். அவர்கள் வந்து சேருமுன்னரே கோவா முதல் மலாக்கா வரை ஆசியத் துறைமுகங்களில் வணிகரும் மாலுமிகளும் தரகரும் ஒருவகைப் போர்த்துக்கேயத்தையே பொதுவாகப் பேசினர்.

இரண்டாவது காரணம், இல்லறம். ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் மிகச் சிலரே. ஆகவே, ஒல்லாந்தச் சிப்பாய்களும் அலுவலரும் இந்நாட்டுப் பெண்களையும், போர்த்துக்கேயர் வழிவந்த கலப்புக் குடும்பங்களின் பெண்களையும் மணந்தனர். அப்பெண்களின் மொழி போர்த்துக்கேயம். வீட்டிலே குழந்தையைத் தாலாட்டிய செவிலியும், சமையல் செய்த அடிமைப் பெண்ணும் அதனையே பேசினர். தந்தை பகலெல்லாம் கந்தோரில் ஒல்லாந்த மொழியில் ஆணைகள் எழுதினான். அவன் மைந்தன் வீட்டில் மழலை பேசியது போர்த்துக்கேயத்தில். தம் சொந்தக் குழந்தைகளே அம்மொழியை விரும்பிப் பேசுவதைத் தடுக்க இயலவில்லை என்று பத்தாவியாவிலிருந்த கம்பனித் தலைவர்களே வருந்தி எழுதும் நிலை ஏற்பட்டது.

மூன்றாவது காரணம், கருமத் தேவை. கண்டி மன்னன் இராசசிங்கன் ஒல்லாந்தருக்கு விடுத்த திருமுகங்கள் போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டன. பகைவனை ஒழிக்க நட்புக்கொண்ட இருவரும் அப்பகைவனின் மொழியிலேயே பேசவேண்டியவராயினர். சமயத்துறையிலும் இதுவே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயு பாதிரியார் போர்த்துக்கேயம் பயின்று அதிலே போதித்தார். போர்த்துக்கல்லிற் பிறந்து புரட்டஸ்தாந்த சமயத்தைத் தழுவிய அல்மெய்தா பாதிரியார், ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதிகளிலே தொண்டாற்றியவர். அவர் போர்த்துக்கேயத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1681 இல் அம்சுதர்தாம் நகரிலேயே அச்சேறியது. அடிமைகளின் தலையை மழித்து ஒழிக்க முயன்ற மொழியிலேயே தம் வேதநூலை ஒல்லாந்தர் தம் நாட்டிலேயே அச்சிட நேர்ந்தது.

இவ்வரலாற்றின் தடங்களை நம் அன்றாடப் பேச்சிலேயே காணலாம். பாண், கோப்பை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், சப்பாத்து, லேஞ்சி, குசினி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. யாழ்ப்பாணத்தை அவர்கள் நேராக ஆண்டது 39 ஆண்டுகளே. அதன்பின் 137 ஆண்டுகள் ஆண்ட ஒல்லாந்தரிடமிருந்து நாம் பெற்றவை கந்தோர், பிறக்கிராசி, துட்டு போன்ற சொற்கள். போஞ்சி என்னும் காய்ப்பெயர் போல அடுக்களையிற் புகுந்தவை சிலவே. வீட்டுச் சொற்கள் பெரும்பாலும் முன்னவருடையவை. அலுவலகச் சொற்கள் பின்னவருடையவை. ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் வேறிடத்தில் உள்ளது. உரோம ஒல்லாந்தச் சட்டமும், 1707 இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமையும், கோட்டைகளும் கால்வாய்களும் அவர்கள் பெயரை இன்றும் கூறுகின்றன. சட்டம் நிலைத்தது, அதனை எழுதிய மொழி நிலைக்கவில்லை.

இதனைக் கொண்டு அரசின் ஆற்றல் மொழியின்முன் வலியற்றது என்று முடிவு செய்தலும் பிழையாகும். 1796 இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1814 இல் வந்த வெசுலியன் பாதிரிமாரும் முதலிற் போர்த்துக்கேயத்தைக் கற்க வேண்டியவராயினர். அவர்களுள் ஒருவரான பொக்ஸ் என்பார் 1819 இல் இலங்கைப் போர்த்துக்கேயத்துக்கு ஓர் அகராதியும் வெளியிட்டார். ஆயினும், 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக்குச் சீர்திருத்தங்களின் பின், ஆங்கிலம் கற்றோர்க்கு உத்தியோகம் என்னும் வாயில் திறந்தது. தலைமயிரை மழிக்கும் கட்டளை சாதிக்காததைப் பாடசாலையும் சம்பளமும் சில தலைமுறைகளிற் சாதித்தன. கொழும்புப் பறங்கியரின் இல்லங்களில் ஆங்கிலம் குடிபுகுந்தது. ஒல்லாந்தர் மொழியைத் தண்டனையாக நீட்டினர். ஆங்கிலேயர் அதனை வாழ்க்கைப் படியாக வைத்தனர். இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடு இதுவே.

அப்பழைய மொழி இன்று எங்குளது? மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில பறங்கிக் குடும்பங்களில் அது இன்னும் உயிர் வாழ்கின்றது. தமிழருடன் நெடுங்காலம் அயல்வாழ்ந்தமையால் அதன் இலக்கணமே தமிழ்ப்பாங்கு பெற்றுவிட்டது. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகின்றது. பெயர்க்கு முன் நிற்க வேண்டிய ‘பரா’ என்னுஞ் சொல் தேய்ந்து, பெயரின் பின் ஒட்டி, நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ போலப் பயன்படுகின்றது. ஆயின், பலர் அயல்நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையிலிருந்த அவர்கள் குடியிருப்பைப் பெரிதும் அழித்தது. இளையோர் தமிழே மிகுதியும் பேசுகின்றனர். ஒரு பேரரசின் கட்டளைக்கு அஞ்சாத மொழி, தாய் தன் குழந்தையுடன் பேசுவதை நிறுத்தும்பொழுது அமைதியாக மறைந்துபோகின்றது.

ஆகவே, நேயர்களே, எந்தப் பேரரசு எந்த மொழியைப் பரப்பியது என்று நாம் உரையாடும்பொழுது, படைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுதல் போதாது. அந்நாட்டு வீடுகளில் யார் சமைத்தனர், குழந்தைக்கு யார் கதை கூறினர், சந்தையில் எம்மொழியில் விலை பேசினர், எம்மொழி கற்றோர்க்கு ஊதியம் கிடைத்தது என்று வினவுதல் வேண்டும். கொழும்புக் கோட்டையின் வாயில் ஏழு மாதத்திற் பணிந்தது. வீட்டின் வாயில் நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டுகளிலும் பணியவில்லை.