கந்தரோடையில் கந்தர் யார்?

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு மட்டுமல்ல, காணிக்கும் பெயர் உண்டு. பழைய உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். எத்தனை பரப்பு என்பது வருவதற்கு முன்பே இன்னாருடைய வளவு, இன்ன கலட்டி, இன்ன புலம் என்று அந்தத் துண்டு நிலத்தின் பெயர் வந்து நிற்கும். முற்பாதி பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர். பிற்பாதி தரையின் தன்மை. யாழ் நகரத்துக் கந்தர்மடமும் இந்த அச்சில் வார்த்ததுதான். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்குக் கந்தரோடை என்ற பெயரில் மர்மமே கிடையாது. கந்தர் என்று ஒருவர் இருந்தார், அவருக்கு ஓர் ஓடை இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஊருக்குப் போனால், தொல்லியல் சின்னங்கள் இருக்கும் வளவு வேறொரு பெயரையும் சொல்கிறது: கதுருகொட. பெயருக்கு நடக்கும் வழக்கின் எதிர்த்தரப்பு அது.

சுன்னாகம் சந்தையைத் தாண்டி மேற்கே திரும்பினால் முதலில் வருவது செம்மண். வெங்காயம், புகையிலை, வாழை, கதியால் வேலி. சற்றுப் போனதும் மண் கறுத்துக் களியாகிறது, தோட்டம் போய் வயல் வருகிறது. இடையில் பனைகள் சூழ்ந்த சிறு வளவு ஒன்றில் முருகைக்கல்லால் கட்டிய தூபிகள் நெருங்கி நிற்கின்றன. சிலவற்றுக்கு ஆளுயரம்கூட இல்லை. அநுராதபுரத்துத் தாதுகோபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை பிள்ளைகள் விளையாடக் கட்டியவைபோல் தோன்றும். நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் இந்த இடத்தைத் தோண்டி, 1917-லும் 1919-லும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் எழுதினார். 1970-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் வந்து இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ஆதி இரும்புக்காலக் குடியிருப்பின் தடயங்கள், உரோம நாணயங்கள், பிராமி எழுத்துப் பொறித்த ஓட்டுத்துண்டு என்று மண் தன் பங்குக்குச் சொன்னது ஏராளம். தூபிகள் எதற்கு என்பதில்தான் இன்னும் இழுபறி. நச்சுக் காளான் தின்று இறந்த அறுபது பிக்குகளின் சமாதிகள் என்று ஒரு கதை உண்டு. கதை சுவையானது, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

கதுருகொட என்ற பெயர் வெறும் ஊகத்தில் பிறந்ததல்ல. 'நம்பொத்த' என்ற பழைய சிங்களச் சுவடி பௌத்தத் தலங்களைப் பட்டியலிடுகிறது. 14ஆம் நூற்றாண்டினது என்று பலர் கருதும் நூல் அது. அதில் கதுருகொட, தெலிபொல, மல்லாகம, மினுவன்கமு என்று வரிசை வருகிறது. தெல்லிப்பளை, மல்லாகம், வீமன்காமம் என்று நம்மவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்தப் பட்டியலுக்கு அந்தச் சுவடியே இட்டிருக்கும் தலைப்பு 'தெமள பட்டண', தமிழர் பட்டினம் என்பது. இந்தச் சுவடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்தத் தலைப்பை மட்டும் மெல்லக் கடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். நம்மவர்கள் தலைப்பை உரக்க வாசித்துவிட்டுப் பட்டியலைக் கடந்துபோவார்கள்.

சிங்களத்தில் கதுரு என்பது சில மரங்களின் பெயர். அவற்றுள் எட்டியும் ஒன்று. கொட என்றால் மேட்டுநிலம். எட்டிமேடு என்று வைத்துக்கொள்ளலாம். அது தமிழ் வாயில் கந்தரோடை ஆயிற்று என்பது ஒரு கட்சி.

ஒலியைப் பார்ப்போம். அதே பட்டியலில் உள்ள மற்றப் பெயர்கள் தமிழுக்கு வந்த விதம் சீரானது. பொல என்பது பளை ஆகிறது, ப் போகவில்லை. கம என்பது காமம் என்றோ கம் என்றோ ஆகிறது, க் போகவில்லை. கொட மட்டும் ஏன் தன் ககரத்தை முழுசாக உதிர்த்துவிட்டு ஓடை ஆக வேண்டும்? கொடை என்றோ கோடை என்றோ அல்லவா வந்திருக்க வேண்டும்? போதாததற்குக் கதுருவில் இல்லாத ந் ஒன்று கந்தரில் புகுந்திருக்கிறது. ஒரே பெயருக்கு இரண்டு விபத்து என்றால் நம்பக் கொஞ்சம் சிரமம்.

சரி, மறுதிசையில் போவோம். கந்தரோடை என்ற தமிழ்ப் பெயரைக் கேட்டுத்தான் சிங்களச் சுவடிக்காரர் கதுருகொட என்று எழுதினாரா? அதிலும் இடறுகிறது. சிங்களத்தில் 'ந்த' ஒலிக்குப் பஞ்சமே இல்லை. கந்தர் என்று காதில் விழுந்திருந்தால் அந்த ந்-ஐக் கைவிட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திராது.

இரண்டு கட்சியும் மறந்துவிடும் மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது: கதிரமலை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், உக்கிரசிங்கன் என்ற அரசனின் கதையோடு வரும் பெயர் அது. கந்தரோடைதான் கதிரமலை என்றார் வரலாறு எழுதிய முதலியார் இராசநாயகம். குடாநாட்டில் ஏது மலை என்று கேட்கலாம். கீரிமலையில் எவ்வளவு மலை இருக்கிறதோ அவ்வளவு இங்கேயும் இருக்கலாம், தட்டைத் தரையில் பிறந்தவனுக்குச் சிறு திடலும் மலைதான். நான் பார்ப்பது முற்பாதியை. கதிர, கதுரு என்ற இரண்டிலும் ந் இல்லை. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, இரண்டும் அருகருகே நிற்கின்றன. கந்தர் மட்டும் விலகி நிற்கிறார். தெற்கே இன்னொரு தலத்தில் சிங்களவர் கதரகம என்பதை நாம் கதிர்காமம் என்கிறோம், அங்கே குடியிருப்பவர் கந்தன் என்பதை நினைவில் வையுங்கள். கதிரவுக்கும் கந்தனுக்கும் தமிழ் மனத்தில் நெடுநாளாக வாசற்கதவு திறந்தே கிடக்கிறது.

என் கணிப்பு இதுதான். இன்றைய இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையும் அல்ல. பிராகிருதம் வழங்கிய காலத்துப் பெயர் ஒன்றை, இரு மொழிக்காரரும் தத்தம் காதுக்குப் பொருள்படும்படி திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மரம் கேட்டது, மற்றவருக்கு ஆள் கேட்டது.

இப்படித் திருத்துவது எப்படி நடக்கும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஊரிலேயே இருக்கிறது. 1894-ல் கந்தையா உபாத்தியாயர் இங்கே தொடங்கிய கல்விப்பணியிலிருந்து வளர்ந்தது ஸ்கந்தவரோதயக் கல்லூரி. ஒறேற்றர் சுப்பிரமணியம் அதிபராயிருந்த காலத்தில் குடாநாடு முழுக்கத் தெரிந்த பெயர் அது. ஸ்கந்த, வர, உதய: கந்தனின் வரத்தால் உதித்தது. வடமொழிப் பண்டிதருக்குக் குறைசொல்ல இடமில்லாத புணர்ச்சி. ஆனால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், உள்ளேயிருந்து கந்தரோடை எட்டிப் பார்க்கும். 'ரோதய' என்பதற்குள் ஓடை கரைந்தே போயிற்று. எழுத்தும் அச்சும் வந்துவிட்ட காலத்தில், எல்லோரும் பார்த்திருக்க, ஒரு பெயர் இவ்வளவு மாறலாமென்றால், ஏட்டுக்கும் முந்திய காலத்தில் கதிரவோ கதுருவோ கந்தராவதற்கு என்ன தடை? மாணவர்கள் அதையும் சுருக்கி 'ஸ்கந்தா' என்கிறார்கள்.

ஓடை பற்றி எனக்குச் சந்தேகம் குறைவு. குடாநாட்டில் மழைநீர் ஓடும் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். தெல்லிப்பளைப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வயல்களினூடே இறங்கி அராலியில் கடலுக்குப் போகிறது. கந்தரோடையிலுள்ள பழைய அம்மன் கோயிலின் பெயர் அங்கணாமைக்கடவை. பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று நாம் இன்றும் சொல்லும் அதே கடவை, கடந்துபோகும் இடம். ஓடையும் கடவையும் ஒரே ஊரில் பெயராக நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கொட என்ற மேட்டுக்கும் இடமுண்டு, தூபிகள் நிற்கும் தரை வயலைவிடச் சற்று உயரம்தான். மேட்டில் நின்றவர் மேட்டைச் சொன்னார், பள்ளத்தில் உழுதவர் பள்ளத்தைச் சொன்னார்.

நான் போனது ஆடி மாதம். வழுக்கியாறு எது என்று வயற்கரையில் ஒருவரிடம் கேட்டேன். "இப்ப நீங்கள் நிக்கிறதே அதுக்குள்ளைதான்" என்றார். காலடியில் வெடித்த களியும் இரண்டு மாட்டுக் கட்டைகளும் இருந்தன. "மாரியிலை வாங்கோ, மார்கழிக்கை வந்தால் இதிலை சைக்கிளை உருட்டேலாது."