சிடி யார் கையில்? – ஃபார்மேட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

"ஃபார்மேட் அடிச்சுப் பாத்தாச்சா?" கம்ப்யூட்டருக்கு என்ன சீக்கு வந்தாலும் நம்ம ஊர்ல கேட்கிற முதல் கேள்வி இதுதான். காய்ச்சலுக்குக் கஷாயம் மாதிரி. அந்தக் கஷாயத்தை யார் காய்ச்சினார்கள், எப்போது அது நம்ம கைக்கே வந்தது என்பது ஒரு தனிக் கதை. பூந்தமல்லியில் தெருப் பிள்ளைகளின் பழைய லேப்டாப்புகளைத் துடைத்துப் போட்டுத் தருகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. என் கணக்கில் இந்தச் சரித்திரம் மூன்று காலம். மூன்றையும் பிரிப்பது ஒரே கேள்வி: சிடி யார் கையில் இருந்தது?

முதல் காலம்: சிடி கடைக்காரர் கையில்

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அடுத்த பத்து வருஷம் நம்ம ஊரில் கம்ப்யூட்டர் என்றாலே எக்ஸ்பிதான். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய பெட்டி, அதில் கடைக்காரரே போட்டுக் கொடுத்த சிஸ்டம். பெட்டி வீட்டுக்கு வரும், சிடி வராது. ஆறு மாசத்தில் மெஷின் ஆமையானால் சிபியூவைத் தூக்கிக்கொண்டு திரும்ப அவரிடமே போகணும். அவர் சி டிரைவை அழித்து, எக்ஸ்பியைப் போட்டு, கூடவே ஏழெட்டு சாஃப்ட்வேரையும் ஏற்றித் தருவார். அதில் பாதிக்கு லைசென்ஸ் கிடையாது என்பது ஊரறிந்த ரகசியம்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி. எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் தானாகத் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்கிற கட்டத்தில் டிக் அடிக்கணும். அடித்த உடனே அது எதைக் கேட்கும் தெரியுமா? அதே எக்ஸ்பி சிடியை! சிடி இல்லாதவர்கள் ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் தமிழ்ப் பக்கங்களைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டச்சுக்கு முரசு அஞ்சலையோ இ-கலப்பையையோ திரும்ப இறக்கணும். 2007-இல் விஸ்டா வந்த பிறகுதான் தமிழ் கூடவே பிறந்தது.

அப்போதே மாற்று வழி இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. ஆனால் இதெல்லாம் வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை.

இரண்டாம் காலம்: சிடியே இல்லை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த எட்டொன்பது வருஷத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் லேப்டாப்புகள். வீட்டில் முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்கிற குடும்பங்கள் ஏராளம். அம்மா வீட்டு வேலைக்குப் போகிற வீட்டில், தகர பீரோ மேல் ஒரு லேப்டாப்! சும்மா சொல்லக் கூடாது, பெரிய விஷயங்க அது.

ஆரம்பத்தில் வந்தவற்றில் இரட்டை கோர் செயலி, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. உள்ளே இரண்டு சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்டர், பாஸ் லினக்ஸ். ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸையே தட்டினார்கள். பாஸ் லினக்ஸை எப்படிப் பயன்படுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டுமில்லையா?

இந்த ஸ்டார்டர் பதிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. குட்டி நெட்புக்குகளுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த குறைந்த பதிப்பு அது. திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 32 பிட் மட்டும்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டால் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதாவது, மெதுவாக இருக்கிறதே என்று காசு கொடுத்து இன்னொரு 2 ஜிபி ராம் வாங்கிச் சொருகினாலும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. இயந்திரத்தால் முடியும், மேலே உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் விடாது.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பின்னணிப் படம் மாற்றணும் என்று கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு சிஸ்டத்தையும் அழித்துவிட்டு, லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் 7 அல்டிமேட்டைப் போட்டு அனுப்பினார். மறுபடி முதல் காலத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.

மூன்றாம் காலம்: பென்டிரைவ் நம்ம கையில்

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 சில்லு, ஓரளவு புதுச் செயலி எல்லாம் கேட்கிறது. 2011 லேப்டாப் அந்த வாசல்படி ஏற முடியாது. அதனால் "இது செத்துப்போச்சு சார், எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள்.

போடாதீங்க. இயந்திரம் மூப்படைவது வேறு, சிஸ்டம் குப்பையாவது வேறு. ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கும் இருபது ப்ரோகிராம், ஒன்றுக்கு இரண்டாக ஆன்டி வைரஸ், நிரம்பி வழியும் சி டிரைவ் – இதெல்லாம் சேர்ந்து அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்கை மூச்சு முட்ட வைக்கின்றன. நான் செய்கிற வரிசை இது:

முதலில் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகல் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொள்வது. இரண்டாவது, ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கைப் பார்ப்பது. பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஃபார்மேட் அடித்தும் புண்ணியமில்லை, வட்டையே மாற்றணும். முடிந்தால் அந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டி. சாட்டா வகைதான், அப்படியே பொருந்தும். இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கிற வேகம் வேறெதிலும் கிடைக்காது. மூன்றாவது, மின்விசிறியில் அடைத்திருக்கும் தூசியை எடுப்பது. சூடானால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில்தான் லுபுண்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான 64 பிட் லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் எழுதி, வட்டை முழுக்க அழித்து நிறுவுவது. நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சத்தம் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 4 ஜிபி ராம் போட்டால் இப்போது நாலும் கணக்கில் வரும்.

அதிசயமெல்லாம் நடக்காது. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, ஒரு கடிதம் அடிக்கத் தாராளமாகப் போதும்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, பழைய தமிழ்க் கோப்புகள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். அப்பா வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த நிலப் பத்திர நகலோ குலதெய்வக் கோயில் கணக்கோ வட்டில் இருக்கலாம். கோப்பை மட்டும் நகல் எடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், பிறகு ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பையும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, பார்வையற்றவர்கள். பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அதனால் இது எங்களுக்குத் தூரத்து விஷயம் கிடையாது. கம்ப்யூட்டரைக் காதால் கேட்டு இயக்குகிறவருக்கு ஃபார்மேட் என்பது, மெஷின் திடீரென்று ஊமையாகிற நேரம். திரைவாசிப்பான் இல்லாத புது விண்டோஸில் அடுத்து எதை அழுத்துவது என்று அடுத்தவர் கண்ணைத்தான் நம்பணும். ஜாஸ் மாதிரி விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமம் மெஷினோடு கட்டப்பட்டது, வட்டை அழித்தால் அந்தக் கணக்கும் இடிக்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ வந்த பிறகு அந்தக் கவலை குறைந்தது. அது இலவசம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டெபியன் இன்னும் ஒரு படி மேலே. நிறுவத் தொடங்கும்போதே எஸ் விசையைத் தட்டி என்டர் அடித்தால், நிறுவல் முழுவதையும் பேசிக்கொண்டே செய்யும். யார் துணையும் வேண்டாம்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் பிடித்த இடம் அதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் கண் நன்றாகத் தெரிகிறவனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைந்தான். இன்று ஒரு பென்டிரைவ் இருந்தால் பார்வையில்லாத ஒருவர் தன் மெஷினைத் தானே மீட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் அரசு முத்திரையோடு ஒன்று தூங்குகிறதா? சார்ஜரைத் தேடி எடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும் :-)