நுண்துளை அறுவை சிகிச்சை: சிறிய காயம் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் காக்குமா?

பெங்களூரு: பித்தப்பைக் கல் முதல் புற்றுநோய் வரை பல நோய்களுக்கு, லேப்ராஸ்கோபி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சை பெங்களூரு மருத்துவமனைகளில் இன்று வழக்கமாகிவிட்டது. வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்பன பலரும் அறிந்த பயன்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீதான அதன் தாக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

இம்முறையில் பித்தப்பையை முதன்முதலில் 1985-ஆம் ஆண்டு ஜெர்மனி மருத்துவர் எரிக் மூஹே அகற்றினார். இந்தியாவில் 1990-இல் மும்பையில் மருத்துவர் தெஹ்ம்டன் உத்வாடியா இதனைத் தொடங்கி வைத்தார்.

உடலில் நிகழ்வது என்ன?

எந்த அறுவை சிகிச்சையையும் உடல் ஒரு காயமாகவே கருதுகிறது. திசுக்கள் அறுபட்ட சில மணி நேரத்தில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் உயர்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் 2 அல்லது 3-ஆம் நாளில் உச்சத்தை எட்டுகிறது. அதேவேளையில், கிருமிகளையும் புற்றுநோய் செல்களையும் எதிர்க்கும் டி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள் ஆகியவற்றின் செயல்திறன் சில நாள்களுக்குக் குறைகிறது.

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையுடன் ஒப்பிடுகையில், நுண்துளை முறையில் இவ்விரு புரதங்களின் உயர்வும் பொதுவாகக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பும் குறைவு.

புற்றுநோயில் மாறுபட்ட முடிவுகள்

ஆனால், இந்த நன்மை மட்டுமே புற்றுநோய் சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 872 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் மீண்டும் வரும் விகிதம் இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட 631 பெண்களிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. நான்கரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி இருந்தோர், திறந்த முறையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம் மட்டுமே. இதையடுத்து, இந்நோய்க்குக் கருப்பையை அகற்றுவதில் திறந்த முறையே மீண்டும் முதன்மை பெற்றது.

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது கருப்பைவாய்ப் புற்றுநோய். எனவே, பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை போன்ற மையங்களை நாடுவோருக்கு இம்முடிவு முக்கியமானது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

தமது நோய்க்கும் அதன் நிலைக்கும் எந்த முறை ஏற்றது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் தொற்று அபாயத்தைக் குறைக்கும். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, காயத்தில் சீழ் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.