கோயில் சுவரிலிருந்து கைபேசி வரை: நம்ம ஊருக்குச் சேதி வந்த கதை



மலருக்கு நீயும் ஒரு கட்டுரை எழுதுன்னு தலைவி அக்கா சொன்னப்போ, "நான் பத்தாவது வரைக்கும்தானே அக்கா படிச்சேன்"னு தயங்கினேன். "தெரிஞ்சதை எழுது, நம்ம பொம்பளைங்கதானே படிக்கப் போறாங்க"ன்னாங்க. ரொம்ப நாளா என் மனசில் ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு விஷயம் உண்டு. ஒரு சேதி ஊருக்குள்ள எப்படி வருது, வந்து மக்களை என்ன பண்ணுது என்பதுதான் அது. 2018-ல் நான் அனுப்பின ஒரு பொய்ச் சேதியால எங்க தெருவில் ஒரு வயசான அம்மா அடி வாங்க இருந்தாங்க. அன்னையிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி. நம்ம திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அந்தக் காலத்தில் சேதி எப்படி வந்ததுன்னு கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே வரிசையா எழுதுறேன்.

கோயில் சுவரே அறிவிப்புப் பலகை

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குப் போனா வரிசையில் நின்னு பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடுறோம். சுவரை யாரும் பார்க்கிறதில்லை. அந்தக் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கு. 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலம் தொடங்கி பாண்டியர், ஹொய்சளர், விஜயநகர அரசர் காலம் வரைக்கும் வெட்டினவை. பெரும்பாலும் தமிழ்தான். சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடத்திலும் உண்டு.

அதில் என்ன எழுதியிருக்கு? யார் நிலம் கொடுத்தாங்க, எந்த விளக்கு எரிய எவ்வளவு பொன் வச்சாங்க, அமுதுபடிக்கு எவ்வளவு நெல், நிலத்துக்கு நான்கு எல்லை எது, இதெல்லாம்தான். கொடுத்தவர் பேர் இருக்கும். பல கல்வெட்டில் சாட்சிகள் பேரும் எழுதினவர் பேரும் கூட இருக்கும். நம்ம குழுவில் தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுறோமே, அதே மாதிரிதான். நாளைக்கு யாராவது "அந்த நிலம் கோயிலுக்குக் கொடுக்கவே இல்லை"ன்னு சொல்ல முடியாது. சுவர் பதில் சொல்லும்.

ஆனா அந்தச் சுவரில் எல்லாம் வந்துடாது. காசும் நிலமும் இருந்தவங்க சேதிதான் கல்லில் ஏறியிருக்கு. அந்த நிலத்தில் நாத்து நட்ட பொம்பளைங்க என்ன நெனச்சாங்கன்னு எந்தச் சுவரிலும் இல்லை. எந்தச் சேதியைப் பார்த்தாலும், இதைச் சொன்னது யாரு, சொல்லாம விட்டது என்னன்னு கேக்கணும் என்பதை நான் அங்கேதான் கத்துக்கிட்டேன்.

தண்டோராவும் மரத்தில் தொங்கின சோறும்

அடுத்தது 1930-ஆம் வருஷம். காந்தி தண்டிக்குப் போய் உப்பு எடுத்ததும், இங்கே ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு ஒரு யாத்திரை கிளம்பினது. ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனோட திருச்சி கண்டோன்மெண்ட் வீட்டிலிருந்து ஏப்ரல் 13-ந்தேதி நூறு பேர் அளவுக்கு நடக்க ஆரம்பிச்சாங்க. ஏறக்குறைய 150 மைல் தூரம்.

அப்போ தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் ஜே.ஏ. தார்ன் என்கிற வெள்ளைக்காரர். யாத்திரைக்காரங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில்னு அவர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவு ஜனங்களுக்குத் தெரியணும் இல்லையா? பத்திரிகையில் போட்டாங்க, துண்டு நோட்டீஸ் கொடுத்தாங்க, ஊர் ஊரா தண்டோராவும் போட்டாங்க. அந்தக் காலத்தில் சேதி பரப்ப இருந்த வழி மூணையும் சர்க்கார் கையில் எடுத்துக்கிட்டது.

ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நேரா எதுத்துப் பேசல. சோத்தைப் பொட்டலமாக் கட்டி வழியில் மரக்கிளையில் தொங்க விட்டாங்க. ஆத்தங்கரையில் பாத்திரத்தோட புதைச்சு வச்சு, எங்கே இருக்குன்னு ரகசியமா ஜாடை காட்டினாங்க. அந்தச் சோத்தை ஆக்கினது யாரு? நம்மள மாதிரி வீட்டுப் பொம்பளைங்கதான் ஆக்கியிருப்பாங்க, வேற யாரு. அவங்க பேர் எந்த நோட்டீஸிலும் வரல. யாத்திரை 28-ந்தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. 30-ந்தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அந்தப் போராட்டத்தில் ருக்மணி லட்சுமிபதி அம்மாவும் ஜெயிலுக்குப் போனாங்க.

சேதியைச் சொல்ற அதிகாரம் முழுக்க ஒரு பக்கம் இருந்தாலும், கேக்குற ஜனங்களுக்குன்னு ஒரு புத்தி இருக்குன்னு இதில் தெரியுது. இன்னொண்ணும் சொல்லணும். தண்டோரா போட்டது யாருங்கிறதையும் நாம மறக்கக் கூடாது. ஒரு சாதிக்காரங்க மேலேயே அந்த வேலையைச் சுமத்தி வச்சிருந்தாங்க. 2022-ல்தான் தமிழ்நாட்டு அரசு இனிமே தண்டோரா போடக் கூடாதுன்னு நிறுத்தினது.

ரேடியோ நெல்

1939 மே 16-ந்தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கினாங்க. நாடு சுதந்திரம் வாங்கினப்போ இந்தியாவில் மொத்தம் ஆறு வானொலி நிலையம்தான் இருந்ததாம். டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, அதோட நம்ம திருச்சி. இது நமக்குப் பெருமைதானே!

என் மாமியார் சின்னப் பிள்ளையா இருந்தப்போ வீட்டில் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலம் ஆனா ஆம்பளைங்க அங்கே போய் உக்காந்து விவசாய நிகழ்ச்சி கேப்பாங்களாம். அந்தச் சமயத்தில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்று ஒரு குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்கு ஏத்தது. அதை எப்போ விதைக்கணும், எவ்வளவு உரம் போடணும்னு திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிங்க அதுக்கு "ரேடியோ நெல்"லுன்னே பேர் வச்சுட்டாங்க! ஆராய்ச்சி நிலையத்தில் பொறந்த நெல்லுக்குச் சேதி கொண்டு வந்த பெட்டியோட பேர்.

ஏன் நம்பினாங்க? ரேடியோவில் பேசினவங்க யாரு, எந்த ஆபீஸ்னு தெரியும். தப்பாப் போனா கேள்வி கேட்டுக் கடிதம் போடலாம். பக்கத்து வயலில் விளைஞ்சதைப் போய்ப் பார்த்துக்கலாம். கேட்ட சேதியை வயலில் சரி பார்த்த பிறகுதான் ஊரே மாறினது.

ஆனா அதே ரேடியோ 1975-லிருந்து 1977 வரைக்கும் நெருக்கடி நிலைக் காலத்தில் சர்க்கார் சொல்லச் சொன்னதை மட்டும்தான் சொன்னது. பத்திரிகைக்கும் தணிக்கை. யாரை ஜெயிலில் போட்டாங்கன்னு ஜனங்களுக்குச் சரியாத் தெரியல. நல்லது சொல்லிக் கொடுத்த பெட்டி என்பதால எல்லா நாளும் உண்மையே சொல்லும்னு நெனைக்க முடியாது.

கைபேசி வந்தது

அப்புறம் டிவி, அப்புறம் கைபேசி. இப்போ சேதி சொல்றவங்க நாமளே ஆயிட்டோம். கல் வெட்ட சிற்பி வேணும், ரேடியோவுக்கு நிலையம் வேணும். வாட்ஸ்அப்புக்கு ஒரு விரல் போதும்.

2018 ஏப்ரல், மே மாசத்தில் "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு, வடநாட்டுக்காரங்க, ஜாக்கிரதை" என்று ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. என் பையனுக்கு அப்போ நாலு வயசு. கேட்டதும் வயித்தைக் கலக்கினது. யார் பேசுறாங்கன்னு கூடப் பார்க்கல. எங்க குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு எங்க தெருவுக்கு அம்மி கொத்துற ஒரு அம்மா வந்தாங்க. வேப்ப மரத்தடியில் உக்காந்திருந்தாங்க. பிள்ளைங்க வேடிக்கை பார்க்கச் சுத்தி நின்னுச்சு. திடீர்னு யாரோ "பிள்ளை பிடிக்கிறவ"ன்னு கத்திட்டாங்க. பத்து நிமிஷத்தில் கூட்டம். அந்த அம்மா பையைப் பிடுங்கிக் கொட்டினாங்க. உளி, சுத்தியல், ஒரு சின்னப் பாவாடை. பாவாடையைப் பார்த்ததும் இன்னும் சத்தம் கூடிடுச்சு. அது பேத்திக்கு வாங்கினதுன்னு அழுதாங்க, யாரும் கேக்கல. ஒருத்தர் கை ஓங்கிட்டார்.

என் மாமியார் உள்ளே புகுந்து, "இவ போன வருஷம் நம்ம வீட்டு அம்மியைக் கொத்தினவடா, எனக்குத் தெரியும்"னு முன்னாடி போய் நின்னாங்க. அதனாலதான் தப்பிச்சாங்க. செஞ்ச வேலைக்குக் கூலி கூட வாங்காம அந்த அம்மா போயிட்டாங்க. இன்னை வரைக்கும் எங்க தெருவுக்குத் திரும்பி வரல. அந்தச் சேதியை எங்க தெருவுக்குக் கொண்டு வந்தது நான்தான். கூட்டத்தில் நான் வாயே திறக்கல. இதை எழுதும்போது இப்பவும் கூச்சமா இருக்கு.

அதே மே 9-ந்தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் அடிச்சது. குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவங்க செஞ்ச தப்பு. சென்னையிலிருந்து வந்த 65 வயசு அம்மா செத்தே போயிட்டாங்க. அங்கே என் மாமியார் மாதிரி யாரும் முன்னே வந்து நிக்கல.

அந்த வருஷம் நாட்டின் பல பகுதியில் சுத்தின ஒரு வீடியோவில், பைக்கில் வர்றவங்க குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்க. அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைங்களைப் பத்திரமாப் பார்த்துக்கங்கன்னு சொல்றதுக்காக எடுத்த விழிப்புணர்வுப் படமாம்! கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுட்டு அட்டையைக் காட்டுவாங்க. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க. இப்படிப் பல மாநிலத்தில் உயிர் போன பிறகுதான் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2023 மார்ச்சில் திரும்பவும், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவினது. அந்தத் தடவை பயந்தது நாம இல்லை, இங்கே வேலை செஞ்ச அவங்க. பயந்துக்கிட்டு ஊருக்கு ரயில் ஏறினவங்களும் உண்டு. தமிழ்நாட்டு போலீஸ் அது பொய்யுன்னு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

கணக்கு பொது, கஷ்டம் சொந்தம்

வதந்தி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம சொந்த விவரம். 2017 ஆகஸ்ட் 24-ந்தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா ஒரு தீர்ப்புச் சொன்னாங்க. அந்தரங்கம் என்பது ஒவ்வொருத்தருக்கும் அடிப்படை உரிமை என்று. வழக்குப் போட்டவர் புட்டசாமி என்கிற ஓய்வு பெற்ற நீதிபதி. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் வந்தது. நம்ம விவரத்தை எதுக்காக வாங்குறோம்னு சொல்லிச் சம்மதம் வாங்கணும் என்பதுதான் அதன் அடிப்படை.

இது படிச்சவங்க சமாச்சாரம்னு நாம விட்டுட முடியாது. எங்க குழுவில் நடந்ததையே சொல்றேன். ஒரு சகோதரி, புருஷனைக் குடியிலிருந்து மீட்க வைத்தியம் பார்க்கணும்னு 30,000 ரூபாய் உள்கடன் வாங்கினாங்க. கணக்கு எல்லாருக்கும் தெரியட்டும்னு நல்ல எண்ணத்தில்தான் நாங்க அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து குழு வாட்ஸ்அப்பில் போட்டோம். கடன் காரணமும் அதில் இருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு நம்பர் வீட்டுக்காரர் போனில்தான். சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சு. அந்தச் சகோதரி மூணு மாசம் கூட்டத்துக்கு வரல. வீட்டில் என்ன பட்டாங்கன்னு நான் எழுத மாட்டேன்.

நம்ம பஞ்ச சூத்திரத்தில் கணக்குப் புத்தகம் ஒழுங்கா எழுதணும் என்பதும் ஒண்ணு. கணக்கு ஒளிவு மறைவு இல்லாம இருக்கணும், அதில் சந்தேகமே இல்லை. கோயில் சுவரில் கொடையும் நெல்லும் பொன்னும் எழுதினது அதுக்குத்தான். ஆனா ஒருத்தி வீட்டுக் கண்ணீரைச் சுவரில் வெட்ட வேண்டியதில்லை. எங்க குழுவில் இப்போ தீர்மானம் போட்டிருக்கோம். கணக்கைக் கூட்டத்தில் வாசிப்போம், நோட்டை யாரு வேணா வந்து பார்க்கலாம். போட்டோ எடுத்து அனுப்ப மாட்டோம். ஆதார், பாஸ்புக் படமும் குழுவில் போடக் கூடாது. தீர்மானம் எழுதினதும் அந்தச் சகோதரியை வீட்டுக்குப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். இப்போ வர்றாங்க.

இனிமே வரப்போறது இன்னும் கஷ்டம். நமக்குத் தெரிஞ்சவங்க குரல் மாதிரியே, முகம் மாதிரியே செயற்கையா செய்ய முடியுதாம். போலீஸ்னு சொல்லி வீடியோ காலில் "கைது"ன்னு மிரட்டிப் பணம் பறிக்கிறாங்க. எந்த போலீஸும் வீடியோ காலில் கைது பண்ணாது. உதவித்தொகைன்னு சொல்லி ஓ.டி.பி. கேட்டா கொடுக்காதீங்க. பணம் போயிட்டா வெட்கப்பட்டு மூடி மறைக்காம உடனே 1930-க்கு போன் பண்ணணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சகோதரிகளே, எனக்கு இப்போ ஒரு பழக்கம் இருக்கு. சேதி வந்தா மூணு கேள்வி கேப்பேன். சொன்னது யாரு? நான் போய்ச் சரி பார்க்க முடியுமா? இதை அனுப்பினா யாருக்கு அடி விழும்? மூணுக்கும் பதில் தெரியலைன்னா விரலை எடுத்துடுவேன். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அன்னைக்கு "எனக்குத் தெரியும்"னு அவங்க சொன்னது மட்டும்தான் அந்தத் தெருவில் உண்மைச் சேதி. நம்ம ஒவ்வொரு குழுவிலும் அப்படி முன்னாடி போய் நிக்க ஒருத்தியாவது இருக்கணும். அடுத்த தடவை நானும் நிப்பேன்.