மரத்துக்குப் பெயர் உண்டு, பிள்ளைக்கு இல்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறினால் பாக்குத் தோப்பும் பலாமரமுமாக எதிர்கொள்ளும் ஊர் பர்லியார். கோவை கலெக்டராக இருந்த ஈ.பி.தாமஸ் இங்கே போட்ட தோட்டத்தை 1871-இல் அரசு விலைக்கு வாங்கியது. மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு என ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தார்கள். ஆனால் அதே சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுத்தவர்கள், கீழே இனத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள்.

நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இந்த மலைமக்களைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1873-இல் புகைப்படங்களுடன் வெளியானது. மேல்மலைத் தோடர்களைப் பற்றி மார்ஷல் எழுதிய நூலும் அதே ஆண்டுதான் வந்தது. மண்டையின் மேடுபள்ளத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லலாம் என்று நம்பியவர் மார்ஷல். இவர்களுக்கு வேண்டியது ‘மாதிரி’ மனிதர்கள். மாதிரிக்கு எதற்குப் பெயர்?

கருவியும் அதற்கு ஒத்துழைத்தது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். எடுக்கும்போது சில விநாடிகள் யாரும் அசையக்கூடாது. மரமேறும் பிள்ளையும் ஓடையில் குதிக்கும் பிள்ளையும் அதில் வெறும் புகைமூட்டமாகத்தான் விழுவார்கள். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் நாம் காண்பது பிடித்து நிறுத்திய குழந்தைகளை. காட்டோடு அவர்களுக்கு இருந்த உறவு அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

பிறந்த மண்ணோடும் மந்தையோடும் பிள்ளைகளைப் பிணைக்கும் உறவு எத்தனை ஆழமானது என்பதற்கு மேல்மலையில் ஒரு சாட்சி உண்டு. 1901-02-இல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் எழுதியிருக்கிறார்: பிறந்து சுமார் மூன்று மாதம் வரை குழந்தையின் முகத்தை வெளியே காட்டமாட்டார்கள். பிறகு ஒரு நாள் அதிகாலையில் தந்தை தன் மகனை எருமைப்பால் கோயிலுக்கு எடுத்துச் சென்று முகத்திரையை விலக்குவார். இதேபோல, அமெரிக்காவின் நவஹோ மக்கள் குழந்தையின் தொப்புள்கொடியை ஆட்டுப்பட்டி அருகே புதைப்பார்கள். பிள்ளையின் மனம் மந்தையை விட்டுப் போகாது என்பது நம்பிக்கை. 1904-இல் அவர்களைப் படம் எடுத்த எட்வர்ட் கர்டிஸ், மறைந்துவரும் இனம் என்றே அவர்களைக் கருதினார். மறையவில்லை, இன்று அவர்கள் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். நம் குறும்பர்களும் பர்லியாரை அடுத்த குரும்பாடியில் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய நீலகிரிப் படங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களும், உதகை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையமும் சேர்ந்து அவற்றை அந்த ஊர்களுக்கே எடுத்துச்செல்ல வேண்டும். பின்னால் தெரியும் பாறை எது, கழுத்து மணி எந்த வழக்கம் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நம் வீட்டிலும் இதைத் தொடங்கலாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தாவின் ஆல்பம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? தெரிந்த பெயரையும் ஊரையும் இன்றே படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள்.